முதுகு காட்டிப் போகும் படகு

எனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. முட்டி வலி போய்விட்டது. கம்பெனி மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறுகிறேன். எப்படி என்று கேட்கிறவர்களிடம், "ஆத்துல துடுப்பு போடறேன்" என்று சொல்கிறேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் துடுப்பையே தொட்டேன். உடம்பு தேறியது நடுவில் வந்த லாபம்.

நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

எங்கள் கோயிலில் ஆகஸ்டு மாதத்து மாதா திருவிழாவில் ஒரு நாள் சப்பரத்தைப் பெண்கள்தான் தூக்க வேண்டும். ஆண்கள் கை வைக்கக் கூடாது. இரண்டு நீளக் கொம்புகளின் மேல் மாதா சொரூபம் இருக்கும். முன்னும் பின்னும் தோள் கொடுப்போம். அதில் ஒரு முறை உண்டு. பீடத்துக்கு மாதாவும் முதுகு காட்டக் கூடாது, தூக்குகிறவர்களும் முதுகு காட்டக் கூடாது. அதனால் கோயிலுக்குள்ளிருந்து வாசல் வரைக்கும் பீடத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வருவோம். வாசல் படிகளையும் அப்படியேதான் இறங்க வேண்டும். தெருவுக்கு வந்த பிறகுதான் சப்பரத்தைத் திருப்புவோம். மெழுகுவர்த்தி பிடிக்கிற பெண்கள் எங்களுக்கு எதிரே, முகத்துக்கு முகம் பார்த்தபடி வருவார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கும், இடுப்பு வலி மூச்சிரைப்பு என்று தோள் கொடுக்க முடியாமல் போனவர்களுக்கும்தான் மெழுகுவர்த்தி. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

பீடப் பக்கம், வலது கொம்பில் முதல் தோள் எங்கள் வீட்டுடையது. மாமியார் இருந்தவரை அவர் தூக்கினார். அவருக்குப் பிறகு மூத்த மருமகளுக்குப் போக வேண்டிய இடம். மூத்தவளின் புருசன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகச் சேர்ந்து அங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டார். அதனால் எனக்கு வந்தது. எனக்கு இந்த ஊரில் வேறு எந்தப் பெருமையும் கிடையாது. தட்டாஞ்சாவடியில் சோப்பு பாக்கெட் போடுகிற கம்பெனியில் சூப்பர்வைசர், நாள் முழுக்க நாற்காலி. வருசத்தில் ஒரு நாள் அந்தக் கொம்பு தோளில் ஏறும்போது மட்டும்தான் இந்தக் குடும்பத்தில் நானும் ஒரு ஆள் என்று தோன்றும்.

போன திருவிழாவுக்கு முந்தைய திருவிழாவில்தான் மூக்கறுபட்டேன். கோயில் நடுவிலேயே எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. வாசலுக்கு வந்ததும் படி எங்கே இருக்கிறது என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். முட்டி மடங்கியது. கொம்பு சரிந்து மாதா கழுத்து மாலை கீழே விழுந்தது. கூட்டம் மொத்தமும் "ஐயோ மாதாவே" என்றது. என் எதிரே மெழுகுவர்த்தியோடு வந்துகொண்டிருந்தவள் என் ஓரகத்தி. திருவிழாவுக்காகப் பிரான்சிலிருந்து வந்திருந்தாள். சட்டென்று என் தோளை விலக்கிவிட்டுத் தன் தோளைக் கொடுத்தாள். அது உதவி. அதோடு நிறுத்தியிருந்தால் காலுக்குச் செருப்பாக இருந்திருப்பேன். அவளோ தன் கையிலிருந்த மெழுகுவர்த்தியை என்னிடம் நீட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இந்தா, மெழுகுவர்த்திய புடி. அதயாச்சும் கீழ போடாம வா."

சிரித்தார்கள். என் சொந்தக்காரிகளே சிரித்தார்கள். நான் அந்த மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு கிழவிகளோடு தெரு முழுக்க நடந்தேன். அவள் என் இடத்தில், வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு, நிமிர்ந்து போனாள்.

சப்பரம் கோயிலுக்குத் திரும்பியதும் மாதா சபைத் தலைவியிடம் அவளே போய் நின்றாள். "மூத்த மருமக நான் இருக்கேன். அடுத்த வருசம் எங்க வூட்டுத் தோள் நான்தான்" என்றாள். தலைவி என்னைப் பார்த்தார். "இப்ப இன்னாத்துக்கு சண்டை? அடுத்த வருசம் மொதநாள் ஒத்திகையில ரெண்டு பேரும் தூக்குங்க. யாரு ஒழுங்கா படி எறங்கறாங்களோ அவங்களுக்கு" என்று முடித்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் மில் மூடிய பிறகு ஆட்டோ ஓட்டுகிறவர், நல்ல மனுசன், ஆனால் சமயம் தெரியாமல் பேசுவார். "அண்ணி சொன்னதுல இன்னா தப்பு? நீதான மூச்சு வாங்குன" என்றார். அவருக்கும் அன்று சோறு கிடையாது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நடக்கச் சொன்னார். நடந்தால் முட்டி வலிக்கிறது என்றேன். நீச்சல் என்றார். குருசுக்குப்பத்தில் கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவள் நான். ஆனால் எங்கள் காலத்தில் பெண்பிள்ளைக்கு யார் நீச்சல் சொல்லிக் கொடுத்தார்கள்? "அப்ப துடுப்பு போடுங்களேன்" என்றார். உட்கார்ந்து செய்கிற வேலை, உடம்பு பாரம் முட்டியில் இறங்காது, ஆனால் காலும் முதுகும் நெஞ்சும் சேர்ந்து உழைக்கும், மூச்சு நீளும், சர்க்கரைக்கும் நல்லது என்று விளக்கினார். ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிற ஆளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும், தப்பாக இழுத்தால் முதுகு போய்விடும் என்றும் எச்சரித்தார். எனக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. காலும் முதுகும் மூச்சும் என்றாரே, சப்பரத்துக்கு வேண்டியது அந்த மூன்றும்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குத் தெற்கே ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, அலையாத்தி மரங்கள் நிற்கிற அமைதியான தண்ணீரில் சில பேர் பொழுதுபோக்காகத் துடுப்பு போடுகிறார்கள். பாங்க் வேலைக்காரர், கல்லூரிப் பிள்ளைகள், ரிட்டையர் ஆன தம்பதி என்று பலதரப்பட்ட ஆட்கள். சொல்லிக்கொடுக்கிற கோச் ஒரு பெண், என் மகள் வயது இருக்கும். என்னைப் பார்த்ததும், "வாங்க ஆன்ட்டி" என்றாள். ஆன்ட்டியாம்! சரி, பழி முக்கியம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முதல் நாளே தகராறு. படகில் ஏறி, போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்தேன். கோச் சிரித்தாள். "ஆன்ட்டி, திரும்பி உக்காருங்க. முதுகுப் பக்கமாத்தான் படகு போகும்."

"அதெப்படி? எங்க அப்பா காலமெல்லாம் கடலுக்குப் போனவரு. அலைக்கு முதுகு காட்டாதன்னு சொல்லித்தான் எங்கள வளத்தாரு. துடுப்பு எனக்கு நீ சொல்லித் தரியா?"

"அது நின்னுக்கிட்டு தள்ளுற துடுப்பு. இது உக்காந்து இழுக்கறது. இங்க அலையும் இல்ல ஆன்ட்டி, ஆறு."

நான் கேட்கவில்லை. குப்பத்துக்காரியின் திமிர் சும்மா விடுமா? முன்பக்கம் பார்த்தபடியே துடுப்பைப் போட்டேன். படகு கரையில் போய் முட்டியது. இருக்கை சக்கரத்தில் உருளுகிற இருக்கை. அதில் என் சுடிதார் ஷால் சிக்கிக்கொண்டு கழுத்தை இறுக்கியது. ஷாலைக் கழற்றி கோச்சிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன்.

அப்புறமும் எனக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்று பயம். இரண்டு இழுப்புக்கு ஒரு தரம் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பேன். திரும்புகிறபோதெல்லாம் ஒரு தோள் இறங்கும், ஒரு துடுப்பு ஆழமாகப் போகும், படகு கோணிக்கொண்டு அலையாத்திக்குள் புகுந்துவிடும். கொக்குகள்கூட என்னைக் கண்டால் எழுந்து போய்விடும். கோச் தன் படகில் பக்கத்திலேயே வந்து சொன்னாள். "திரும்பாதீங்க. எதிர்ல கரையில அந்த ஒத்தத் தென்னமரம் தெரியுதில்ல? படகோட வால அதுக்கு நேரா வெச்சிக்குங்க. அத விடாம பாத்துக்கிட்டே இழுத்தீங்கன்னா முதுகுக்குப் பின்னால வழி தானா நேரா வரும்."

கேட்டதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அவரும் கடலில் இருந்து கரையில் ஒரு கோபுரத்தையும் ஒரு பனையையும் குறி வைத்துத்தான் தன் இடத்தைக் கண்டுபிடிப்பார். சரி, இது நம் வீட்டு வித்தைதான் என்று மனசு சமாதானம் ஆனது. தென்னை மரத்தைப் பார்த்தேன். ஆனால் தென்னை மரத்தின் மேல் எனக்கு என்ன கோபம்? கை தளர்ந்தது. அப்போதுதான் மரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என் ஓரகத்தியை நிற்க வைத்தேன். வெள்ளை ஷூ, கையில் மெழுகுவர்த்தி, வாயில் அந்தச் சிரிப்பு. அடேயப்பா! படகு பிய்த்துக்கொண்டு போனது.

அன்றிலிருந்து அதுதான் என் தாளம். முட்டியை மடக்கி முன்னால் போகும்போது "மெழுகுவர்த்திய", காலால் உதைத்து இழுக்கும்போது "புடி". மறுபடி முன்னால் போகும்போது "அதயாச்சும்", இழுக்கும்போது "கீழ போடாம வா". உதடு அசைவதைப் பார்த்துவிட்டு கோச் ஒரு நாள், "இன்னா ஆன்ட்டி, ஜெபமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. ஜெபந்தான்."

அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். "கோவத்த கையில வெக்காதீங்க ஆன்ட்டி, கை சீக்கிரம் ஓஞ்சிடும். கால்ல வெய்ங்க" என்றாள். உண்மையிலேயே துடுப்பு என்பது கை வேலை இல்லை. முதலில் கால் உதைக்க வேண்டும், பிறகு முதுகு சாய வேண்டும், கடைசியில்தான் கை. நான் கோபத்தைக் காலுக்கு இறக்கினேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து தோல் காய்த்துப்போனது. தொடை முதலில் தீயாய் எரிந்தது, பிறகு கட்டையாக இறுகியது. குனிந்து ஒரு பெட்டியை எடுக்கக் கையூன்றிக்கொண்டிருந்தவள், கம்பெனியில் சோப்புப் பெட்டிகளை மற்ற பெண்களுக்கு முன்னால் தூக்கி அடுக்க ஆரம்பித்தேன். படுத்தால் தூக்கம் வந்தது. டாக்டரம்மா சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்தபோது, "அப்படி இன்னா பண்றீங்க?" என்று கேட்டார். துடுப்பு என்றேன். ஓரகத்தி என்று சொன்னால் மனநல வார்டுக்கு அனுப்பிவிடுவார்.

என் வீட்டுக்காரர் வேறு மாதிரி சொன்னார். "வன்மம் வெச்சா ஒடம்பு எளைக்கும்னா ஊருல ஒருத்தனுக்கும் தொந்தி இருக்காதே." வாய் சும்மா இருக்காதே, வீடியோ காலில் அண்ணியிடமும் உளறிவிட்டார். அவள் திரையில் வந்து, "சவா?" என்று பிரெஞ்சில் நலம் விசாரித்துவிட்டு, தன் வீட்டு ஹாலைக் காட்டினாள். அங்கே ஒரு துடுப்பு மெஷின். தண்ணீரே இல்லாமல் இழுக்கிற மெஷின். "எதுக்கு ஆத்துல போயி சேத்துல நிக்கற? நான் வூட்டுலயே டிவி பாத்துக்கிட்டு தெனமும் இழுக்கறேன்" என்றாள். நானும் இழுப்பது தெரிந்து அவளும் இழுக்கிறாள். கைகள் நல்ல உருண்டையாக இருந்தன. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினாள். அந்த வாரம் மழையிலும் ஆற்றுக்குப் போனேன்.

ஆகஸ்டு வந்தது, அவளும் வந்தாள். ஒத்திகையன்று சொரூபத்துக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றினார்கள். மூத்தவள் என்று அவள்தான் முதலில் தோள் கொடுத்தாள். பொய் சொல்லக் கூடாது, கொம்பை அவள் தூக்கியது பூவைத் தூக்குகிற மாதிரி இருந்தது. பலத்தில் அவளுக்குக் குறையில்லை. ஆனால் பின்பக்கமாக நடக்கத் தொடங்கியதும் பார்த்தேன். போன தடவை அவள் என் தோளை வாங்கியது படியில்தான். படிகளில் மற்றப் பெண்கள் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள்; மற்றபடி பின்பக்கமாக அவள் நடந்ததே இல்லை. அவளுடைய மெஷினும் எந்த இடத்துக்கும் போகாத மெஷின். இரண்டு அடிக்கு ஒரு தரம் கழுத்தைத் திருப்பினாள். திரும்பும்போதெல்லாம் தோள் இறங்கியது. ஆற்றில் முதல் வாரம் நான் செய்த அதே கூத்து. படிக்கு வந்ததும் நன்றாகத் திரும்பிப் பார்த்தாள், கொம்பு சரிந்தது, மணல் மூட்டை தொப்பென்று விழுந்தது.

அடுத்து நான். பீடத்து விளக்கைக் குறி வைத்தேன். பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. மூச்சு ஆற்றில் போகிற மாதிரி சீராகப் போனது. படியைக் கால் தானாகத் தேடிக் கண்டுபிடித்தது. இறங்கி நின்றபோது தலைவி தலையாட்டினார். "தோள் உன்னுதுதாம்மா" என்றார்.

அங்கேயே ஓரகத்தியிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒத்திகையில் தூக்குகிறவர்களைத் தவிர நாலு பேர்தான் இருந்தார்கள். நாலு பேருக்காகவா நான் அவ்வளவு தண்ணீரை இழுத்தேன்?

திருவிழாவன்று கோயில் நிறைந்து வழிந்தது. சப்பரம் தூக்குவதற்கு முன், மெழுகுவர்த்திக் கூடையிலிருந்து நானே ஒன்றை எடுத்து, நானே பற்றவைத்து, எல்லோரும் பார்க்க அவளிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"இந்தாங்கக்கா, மெழுகுவர்த்திய புடிங்க. அதயாச்சும் கீழ போடாம வாங்க."

போன முறை சிரித்த அதே சொந்தக்காரிகள் இப்போதும் சிரித்தார்கள். அவள் முகம் கறுத்துச் சுண்டிப்போனது. வாங்கிக்கொண்டாள். தேன் குடித்த மாதிரி இருந்தது எனக்கு.

கொம்பு தோளில் ஏறியது. மாதாவின் பாரம் வேறு, மணலின் பாரம் வேறு. எதிரே அவள். பீடத்து விளக்கை அவள் தலை மறைத்துவிட்டதால் குறிக்கு அவள் கையிலிருந்த சுடரைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு வருசமாகத் தென்னை மரத்துக்கு மேல் நான் வரைந்து வைத்திருந்த அதே முகம், அதே சுடர். மூச்சு பிசகாமல் பின்னால் நடந்தேன். மெழுகு உருகி அவள் விரலில் வழிந்தது. சுட்டிருக்கும். அவள் விரலை எடுக்கவில்லை, நானும் கண்ணை எடுக்கவில்லை. வழியட்டும் என்றுதான் நினைத்தேன்.

வாசல் வந்தது. கால் பின்னால் படியைத் தேடிப் போனபோது அவள் உதடு அசைந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"நில்லு. படியில ஈரப்பூ கெடக்கு. எடது கால ஓரமா வை."

வைத்தேன். பூவின் ஈரம் குதிகாலில் லேசாக உரசியது. ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைத்திருந்தால் மாதாவோடு சேர்ந்து நானும் தெருவில் கிடந்திருப்பேன். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க முடியாது. அடுத்த வருசத்துக்கான தோளும் சும்மா அவள் மடியில் வந்து விழுந்திருக்கும். படுபாவி, சொல்லித் தொலைத்தாள். ஒரு வருசமாக நான் கட்டி வளர்த்த வன்மத்தை ஒரே பேச்சில் கெடுத்துவிட்டாள். தெரு முழுக்க மாதாவைச் சுமந்துகொண்டு போனேன், மூச்சு வாங்கவில்லை, தோள் வலிக்கவில்லை, ஆனால் அந்தத் தேன் ருசி போய்விட்டது.

அதற்குப் பிறகு ஆற்றுக்குப் போனால் படகு நகரவே மாட்டேன் என்றது. தென்னை மரம் வெறும் தென்னை மரமாக நின்றது. "ஒடம்பு சரியில்லியா ஆன்ட்டி?" என்று கோச் கேட்டாள். மனசு சரியாகிவிட்டது, அதுதான் கோளாறு என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஓரகத்தி ஊருக்குத் திரும்புகிற நாள் வந்தது. என் வீட்டில் விருந்து. வஞ்சிரம் வாங்கி நானே குழம்பு வைத்தேன், நடுத்துண்டாகப் பார்த்து அவள் தட்டில் போட்டேன். சொந்தக்காரிகளெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி, "இந்த வருசம் சப்பரம் எறங்கனது என்னா அழகு!" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். என் ஓரகத்தி முள்ளை எடுத்து வைத்துவிட்டு, நிதானமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாயைத் திறந்தாள்.

"ஆமா. நான் மட்டும் சொல்லலன்னா இவ விழுந்திருப்பா."

சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

மறுநாள் விடிகாலையில் ஆற்றில் முதல் ஆளாக நான்தான் நின்றேன். படகில் ஏறி, திரும்பி உட்கார்ந்து, எதிர்க்கரைத் தென்னை மரத்தைப் பார்த்தேன். கையில் மீன் முள்ளோடு அங்கே நின்றுகொண்டிருந்தாள். "நான் மட்டும்" என்று முட்டியை மடக்கினேன், "சொல்லலன்னா" என்று உதைத்தேன். கோச் படகு பின்னால் தங்கிப்போனது. "இன்னா ஆன்ட்டி, புது ஜெபமா?" என்று அவள் கத்தினாள். பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.